மேய்க்கால் போய்க் கரணை வந்தது

கும்மிடிப்பூண்டி வட்டாரக் கிராமங்களின் 'அ' பதிவேட்டைப் புரட்டினால், பட்டாதாரர் பெயர்களுக்கு நடுவே யார் பெயரும் இல்லாத புல எண்கள் சில வரும். ஏரி, ஓடை, பாதை, சுடுகாடு, களம், மந்தைவெளி, மேய்க்கால். எல்லாம் புறம்போக்கு. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது சுலபம் என்று கேட்டால், வருவாய்த் துறையில் நாலு வருடம் குப்பை கொட்டிய எவரும் பதில் சொல்லிவிடுவார்: மேய்க்கால். ஏரியில் கை வைத்தால் ஊரே திரண்டு வரும். சுடுகாட்டைத் தொட்டால் செத்தவர்களின் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். பாதையை மறித்தால் அன்றைக்கே சண்டை. மேய்க்காலில் என்ன இருக்கிறது? நாலு காரைச்செடி, சூரைமுள், காய்ந்த புல். சித்திரை வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கிப் பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். பயன்படாத நிலம் என்று எழுதிவிட்டுப் போக அவருக்குச் சங்கடமே இராது.

அவர் வந்த மாதம்தான் தவறு. ஐப்பசியில் வந்திருக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்து நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஏரித் தண்ணீரையும் கிணற்றையும் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், மழையை நம்பிய சம்பாதான் பெரும்போகம். மாட்டின் வருடமும் இதை ஒட்டியே நடந்தது. தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல்வெளி எல்லார் மாட்டுக்கும் பொது. அறுத்த தாளும் வரப்புப் புல்லும் மாசி வரை தாங்கும். அதன் பிறகு ஏரி. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க உள்வாயில் கோரையும் அருகும் தளிர்க்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை பசுவும் எருமையும் அங்கே கிடக்கும். ஆடி ஆவணியில் நாற்று விட்டு நடவு தொடங்கினால் வயல் பக்கம் மாட்டைத் திருப்ப முடியாது. ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பிவிட்டால் உள்வாயும் போயிற்று. ஊரில் கறவையும் உழவு மாடும் ஆடுமாக நூற்றுக்கணக்கில் நிற்கும், கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாலைந்து மாதத்துக்கு இருந்த ஒரே புகல், மேட்டில் கிடந்த சரளை மண் மேய்க்கால். தண்ணீர் தேங்காது, பயிர் கிடையாது, முதல் மழைக்கே ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் நரிப்பயற்றங்கொடியும் கிளம்பிவிடும். கோடையில் அங்கே ஒன்றும் இல்லாததற்குக் காரணம், கோடையில் அங்கே யாருக்கும் வேலை இல்லை என்பதுதான். அது மழைக்காலத்து மேய்ச்சல் நிலம். வருடத்தில் ஏழு மாதம் சும்மா கிடப்பதே அதன் பராமரிப்பு.

தேர்வாய் கண்டிகையில் நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் படிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கும் ஊர் அது. பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஊரை ஒட்டிய சுமார் 1,127 ஏக்கரை, மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காவாக மாற்ற அரசு முடிவெடுத்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்க்கால் புறம்போக்கு. ஊர்க்காரர்களுக்கு அது காடு: மாடு மேய்க்க, விறகு பொறுக்க, ஏரிகளுக்குத் தண்ணீர் வர. 2009 நவம்பரில் பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனம் தமிழக அரசோடு 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. பூங்காவில் அதற்கு 290 ஏக்கர். கிராம சபைத் தீர்மானம், மறியல், கைது, உயர் நீதிமன்ற வழக்கு என்று ஊர் செய்து பார்க்காதது இல்லை. 2012 ஜூலையில் விவகாரம் பாரிஸ் வரைக்கும் போனது. ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனங்கள், அங்குள்ள ஒரு பெரிய தொழிற்சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் பிரெஞ்சுத் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தார்கள். நிலத்தை எடுத்தது அரசு, தாங்கள் பெற்றது சிப்காட்டிடமிருந்து என்ற நிலைப்பாட்டில் நிறுவனம் நின்றது. சட்டப்படி பார்த்தால் அது பொய்யில்லை. தொழிற்சாலை எழும்பியது, டயரும் வெளியே வந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, கண்டலேறு கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரைத் தேக்கும் புதிய நீர்த்தேக்கம் அதே வட்டாரத்தில் வந்தது. 380 கோடி ரூபாய் செலவு, 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2020 நவம்பர் 21 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா நாட்டுக்கு அர்ப்பணித்தார். சென்னைக்குக் குடிநீர் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் மாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால், மேட்டில் இருந்த மழைக்கால மேய்ச்சல் ஆலைகளுக்குப் போக, பள்ளத்தில் இருந்த கோடைக்கால மேய்ச்சல் சென்னைக்குப் போயிற்று. இரண்டுமே பொதுநலன் என்ற பெயரில், பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளிக்குள்.

இதைச் சொன்னதும் பழைய நாட்களெல்லாம் பாலும் தேனுமாக ஓடின என்று எழுதிவிடக் கூடாது. ஓடவில்லை. அந்தக் காலத்து நாட்டுப் பசு கன்றுக்குப் போக ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கறந்தால் அதிகம். அதை வைத்திருந்ததே பாலுக்காக இல்லை. எருவுக்கும் ஏருக்கு ஒரு காளைக்கன்றுக்கும்தான். மேய்ச்சலில் இருந்த மாட்டுக்கு வருடம் முழுக்கக் குடற்புழு. மழைக்காலம் பிறந்தால் கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான். ஒரு மாட்டுக்கு வந்தால் மந்தைக்கே வரும். மாடு மேய்த்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். காலையில் மந்தைவெளியில் ஊர் மாடெல்லாம் கூடும். தலைக்கு இவ்வளவு நெல் என்று வருடக் கூலிக்குப் பேசிக்கொண்ட பையன் ஓட்டிக்கொண்டு போவான். பத்து வயது, பன்னிரண்டு வயது. அவன் பள்ளிக்கூடம் மாட்டின் வாலோடு போய்விட்டது. பயிரில் வாய் வைத்த மாட்டைப் பட்டியில் அடைத்தால் அடியும் அவனுக்குத்தான். பவுண்டு என்று ஊரார் சொன்ன அந்தப் பட்டியும் அதற்கான தண்டமும் 1871ஆம் வருடத்து கால்நடை அத்துமீறல் சட்டத்தின் வாரிசுகள். பொது மேய்ச்சலின் சுதந்திரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தப் பையனைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. காணி நிலம் இல்லாதவர் வீட்டிலும் அன்று மாடு இருந்தது. அடுத்தவர் வரப்பில் புல் அறுக்க அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்; அவர் வயல் தாளில் மாட்டை விட அவர் மனம் வைக்க வேண்டும். மேய்க்காலுக்கு மட்டும் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. நிலமில்லாத ஒரு தலித் குடும்பம் இரண்டு பசுவும் ஆறு ஆடும் வைத்து, கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் அதில் ஒன்றை விற்றுக்கொள்ள முடிந்தது என்றால் அதற்கு அடிமுதல் இந்தப் பொட்டல்தான். முதலீடு என்ற பேச்சு வரும்போது 4,000 கோடி கணக்கில் ஏறுகிறது. இந்த முதல் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை.

காலனி அரசு மட்டும் ஒருமுறை ஏற்றிப் பார்த்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரை அளந்தபோது, மெட்ராஸைச் சுற்றிய இரண்டாயிரம் கிராமங்களில் ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, கரம்பு எவ்வளவு என்று காணிக் கணக்கில் எழுதிவைத்தார்கள். அவர்கள் நோக்கம் வரி. வரி வராத நிலமும் ஊரின் உடம்பில் ஒரு பகுதி என்பதை வரி வாங்க வந்தவர்களாவது பதிவு செய்தார்கள்.

மேய்க்கால் போனதனால் மட்டும் மாடு பட்டினி கிடக்கவில்லை. வைக்கோல் கதை தனி.

அன்றைய நெற்பயிர் ஆளுயரம் வளர்ந்து சாயும். விளைச்சல் குறைவு, தாள் அதிகம். 1966இல் ஐ.ஆர்.8 வந்த பிறகு வந்த ரகங்கள் பெரும்பாலும் குட்டை. உரம் போட்டால் சாயாமல் கதிராக மாறும். ஊருக்குச் சோறு வந்தது, மாட்டுக்குத் தாள் சுருங்கியது. அப்படியும் கை அறுப்பும் களத்து அடிப்பும் இருந்தவரை வைக்கோல் முழுசாக வீடு வந்து சேர்ந்தது. தை மாத வெயிலில் காய்ந்த சம்பா வைக்கோலைப் போர் போடுவதற்கென்று ஊரில் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். மழை உள்ளே இறங்காமல் கூரை மாதிரி சரிவு பிடித்து ஏற்றுவார்கள். ஐப்பசியில் பிடுங்கினாலும் உள்ளே மஞ்சள் மாறாமல் இருக்கும். சொர்ணவாரி வைக்கோலுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆவணி மழையில் நனைந்து கறுத்துப்போகும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

இப்போது அறுவடை இயந்திரம். கதிரை மட்டும் வாரிக்கொண்டு அரைத் தாளை வயலிலேயே நிறுத்திவிட்டுப் போகிறது. உதிர்ந்தது சக்கரத்தில் நசுங்கிச் சேற்றோடு கிடக்கிறது. இரண்டொரு நாளில் கட்டும் இயந்திரம் வந்து சுருட்டினால் உண்டு, மழை முந்திக்கொண்டால் இல்லை. சுருட்டிய கட்டுகளை வயலிலேயே விலை பேசி லாரியில் ஏற்றுகிறார்கள். முன்பு அறுப்புக்குப் போன கூலிக்காரர் வீட்டுக்கும் சுமையாக நாலு கட்டு வைக்கோல் வந்து சேரும். இயந்திரத்துக்குக் கூலியாள் எதற்கு? மாடு வைத்திருப்பவர் இன்று ஒவ்வொரு கட்டுக்கும் காசு எண்ணிக் கொடுக்கிறார். அந்த வைக்கோலிலும் புரதம் மூன்று நான்கு விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் சத்து ஏறும் என்று கால்நடைத் துறை பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. பயிற்சி முகாமுக்கு வெளியே இதைச் செய்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செய்முறையில் குறை இல்லை. மூடிவைக்க வைக்கோல் இருப்பில் இருப்பவருக்கான யோசனை அது. வாரத்துக்கு இரண்டு கட்டு வாங்குகிறவருக்கு எதற்கு உதவும்?

இன்னும் ஓசையில்லாமல் போன தீவனம் ஒன்று உண்டு: களை. நடவு வயலில் பெண்கள் களை பறித்தால், பறித்ததைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கூலி தனி, பில்லுக்கட்டு தனி. அந்தக் கட்டை நம்பித்தான் சாயங்காலக் கறவை. வேர்க்கடலை பிடுங்கும் நாட்களில் கொடி கிடைக்கும். பசுமாட்டுக்கு அதைவிட ருசியான உலர்தீவனம் இந்த மாவட்டத்தில் வேறில்லை. பிறகு களைக்கொல்லி வந்தது. நட்ட மூன்றாம் நாளே மணலில் கலந்து தூவிவிட்டால் களை முளைக்கவே முளைக்காது, வரப்புக்கும் அடிக்கிறார்கள். பூச்சிமருந்தின் தீமை பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கோணம் வருவதில்லை. களைக்கொல்லி கொன்றது நிலமில்லாத பெண்ணின் தீவனப் பயிரை. அவளுக்கு அன்றைய களையெடுப்புக் கூலியும் சேர்ந்து போயிற்று.

அவள் என்ன செய்தாள்? மாட்டை விற்றுவிட்டு ஆலை ஒப்பந்த வேலைக்குப் போனாள். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஊருக்குள் வருகிறது. மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழுகிறது. எந்தப் பிள்ளை தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டின் பின்னால் போகும்? மேய்ச்சல் நிலம் அப்படியே இருக்கும் ஊர்களிலும் மேய்க்க ஆள் கிடையாது. மிஞ்சியிருப்பவர்கள் அறுபது தாண்டிய தாத்தாக்களும் பாட்டிகளும்தான். நிலம் போனதால் மட்டும் மேய்ப்பு போகவில்லை. மேய்ப்பைக் கௌரவமாக நினைக்க முடியாமல் போனதும் சேர்ந்துதான் போனது. ஆனால் நிலம் திரும்பி வராது, ஒப்பந்த வேலை எப்போது வேண்டுமானாலும் நிற்கும். அந்த வித்தியாசத்தை வேலை போன வருடத்தில்தான் குடும்பங்கள் உணர்கின்றன.

மேய்ப்பவர் இல்லாத மாடு தானே மேயப் போயிற்று. கொல்கத்தா நெடுஞ்சாலை நடுத்திட்டில் நட்ட அரளியை மாடு தொடாது, கீழே முளைத்த புல்லைத் தொடும். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் பக்கம் இரவில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் பக்கம் குப்பைத்தொட்டி. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். சாணி போடவும் சிறுநீர் கழிக்கவும் சிரமப்பட்டது, பால் குறைந்துவிட்டது. வயிற்றைத் திறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்ததில் 52 கிலோ பிளாஸ்டிக் வந்தது. இரும்பு ஊசி, ஆணி, நாணயம் வேறு. அன்று பத்திரிகைகள் எல்லாம் பிளாஸ்டிக்கைத் திட்டின. மாடு ஏன் குப்பைக்குப் போனது என்று ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

தொட்டியைவிட ஆபத்தான இன்னொரு தீவனம், ஆலைக் கேன்டீன் சோறு. மிச்சச் சோற்றைக் குடம் குடமாக வாங்கிவந்து ஊற்றுகிறார்கள், இலவசம். புல்லைச் செரிக்க அமைந்த வயிற்றில் மாவு திடீரென்று நிறையச் சேர்ந்தால் அமிலம் பொங்கி, மாடு படுத்துவிடும், சில நேரம் எழாது. பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை கூடுவதும் இதனால்தான். அன்புக்குக் கொடுத்த பொங்கலும் அமிலம்தான்.

இனி நல்ல பக்கம். நல்ல பக்கம் உண்டு.

இந்த மாவட்டத்தில் புல்லைப் பற்றிய படிப்புக்குப் பஞ்சமே இல்லை. செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் அலமாதி. மத்திய அரசின் வட்டாரத் தீவன நிலையம் அங்கே இருக்கிறது. நாட்டில் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய அத்தகைய நிலையங்களில் ஒன்று. பக்கத்திலேயே முர்ரா எருமைகளுக்கான மத்தியப் பண்ணை. சற்றுத் தள்ளிக் கொடுவளியில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி. செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து தவிடு. விதையும் ஊன்றுவதற்கான தண்டுத் துண்டாகிய கரணையும் அறிவுரையும் தவிடும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள்.

கரணைதான் இன்றைய மேய்க்கால். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இப்போது தமிழ்நாட்டுக் கொட்டகை எல்லாவற்றின் பின்புறத்திலும் நிற்கிறது. இரண்டு கணு உள்ள கரணையை ஊன்றினால் எழுபத்தைந்து, எண்பது நாளில் முதல் அறுப்பு. பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. எக்டேருக்கு வருடம் 380 முதல் 400 டன் என்பது ஆராய்ச்சிப் பண்ணைக் கணக்கு. பத்து சென்ட்டில் அந்தக் கணக்கு அப்படியே பலித்தால் நாளொன்றுக்கு 44 கிலோ, இரண்டு கறவைக்குப் போதும். விவசாயி வயலில் பாதி வந்தால் ஒரு கறவைக்கு ஆகும். விதைப்பவர்களுக்கு மறுதாம்புச் சோளம் கோ.எஃப்.எஸ்.29 இருக்கிறது. ஆனால் இளஞ்சோளத்தை, அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடியதை, மாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. அதில் உள்ள நஞ்சில் நின்ற இடத்திலேயே விழும். இதை எழுதப் படிக்கத் தெரியாத பழைய மேய்ப்பன் அறிந்திருந்தான், இன்று யூடியூப் பார்த்து மாட்டுப்பண்ணை தொடங்கும் பொறியியல் பட்டதாரிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. புல் மூன்று பங்கென்றால் வேலிமசால் போன்ற பயறுவகை ஒரு பங்கு வேண்டும் என்பதும் அப்படித்தான். எல்லோரும் கோ-4 மட்டும் ஊன்றிவிட்டு, பால் ஏறவில்லையே என்று மூட்டைத் தீவனத்தைக் கூட்டுகிறார்கள். அசோலாத் தொட்டி என்றொரு மோகமும் வந்து போனது. பல வீடுகளில் அந்தத் தொட்டி இப்போது கொசுவுக்குப் பயன்படுகிறது.

கட்டி வைத்து, நறுக்கிப் போட்டு வளர்க்கும் கலப்பினப் பசு எட்டு, பத்து லிட்டர் கறக்கிறது. பழைய மந்தைப் பசு ஐந்தாறு சேர்ந்தாலும் அது வருவது அரிது. சாணி ஒரே இடத்தில் கிடைக்கிறது, நோய் குறைவு, பையன் பள்ளிக்கூடம் போகிறான். விவசாய விஞ்ஞானத்தின் வெற்றிதான். யாருடைய வெற்றி என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. பத்து சென்ட் நிலமும் வருடம் முழுக்கத் தண்ணீர் இறைக்க போர்வெல்லும் வேண்டும். அரசு நிலமற்றவருக்குக் கொடுக்கும் வீட்டுமனைப் பட்டா பெரும்பாலும் மூன்று சென்ட். அதில் வீடு போக மாடு கட்டவே இடம் கிடையாது, புல் எங்கே ஊன்றுவது? கடலோரம் பழவேற்காடு பக்கம் போனால் நிலத்தடி நீரும் உப்பு.

நிலமில்லாதவர் மாடு வளர்த்தால் எல்லாமே விலைக்கு. பால் உற்பத்திச் செலவில் அறுபது, எழுபது விழுக்காடு தீவனம். ஆவின் கொள்முதல் விலை, 2023 டிசம்பரில் சேர்த்த மூன்று ரூபாய் ஊக்கத்தொகையோடு பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய் ஆனது. அந்த விலையில் எட்டு லிட்டர் ஊற்றினால் 304 ரூபாய். அடர்தீவனம் பாலுக்கு மூன்று கிலோ, உடம்புக்கு ஒன்றரை கிலோ. அதன் மேல் வைக்கோல், கடையில் வாங்கும் பசும்புல், மருத்துவம். வற்றுக்கறவை மாதங்களில் வரவு சுழி, செலவு அப்படியே. மேய்க்கால் இருந்தபோது வற்றிய மாட்டையும் கிடேரியையும் அங்கேதான் தள்ளிவிடுவார்கள். காசு செலவழிக்காமல் காத்திருக்க ஓர் இடம். அந்தக் காத்திருப்புக்கு இன்று நாளொன்றுக்கு ரூபாய் இத்தனை என்று வாடகை வந்துவிட்டது. அதனால் வற்றிய மாடு கைமாறுகிறது, அல்லது சாலைக்கு வருகிறது.

எருமை இந்த ஆட்டத்தில் முதலிலேயே தோற்றது. புரள ஏரி வேண்டும், உள்வாய்க் கோரை வேண்டும். 2012 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.8 லட்சம் எருமை, 2019இல் 5.19 லட்சம். ஏழு வருடத்தில் மூன்றில் ஒன்று காலி. வெள்ளாடோ ஏறியது, ஏறக்குறைய ஒரு கோடி. ஆடு எதையும் தின்னும். வேலிக்காத்தான் நெற்றையும் தின்று, விதையைப் புழுக்கையில் வைத்து ஊரெல்லாம் நட்டும் கொடுக்கும். மிச்சமிருந்த மேய்க்காலில் பலவற்றை ஆலைகள் அல்ல, வேலிக்காத்தான்தான் விழுங்கியது. அதன் நிழலில் புல் வராது.

ஆட்டுக்கு அரசும் கை கொடுத்தது. ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு, பால் உற்பத்தி குறைந்த ஊர்களில் ஒரு கறவைப் பசு என்ற இலவசத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தொடங்கிய இடம் இதே திருவள்ளூர் மாவட்டம். ஐந்து வருடத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு ஆடு, 60,000 பசு என்பது இலக்கு. பல பெண்களுக்கு அது உண்மையிலேயே கைமுதலாக நின்றது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு துறை ஆட்டைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே சமயம், இன்னொரு துறை ஆடு மேய்ந்த நிலத்தைத் தொழிற்பூங்காவாக எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தில்தான் இருந்திருக்கும். ஒரே மேசைக்கு வந்திருக்காது.

அதே 2011, ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றி, நிலத்தை ஊருக்கே திருப்பித்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும். பஞ்சாபில் ஒரு குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கு அது. தீர்ப்பைக் காட்டித் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வழக்குகள் நடந்தன. மேய்க்காலில் குடிசை போட்ட ஏழையை ஆட்சேபகரமான புறம்போக்கு என்று சொல்லி வெளியேற்ற அது நன்றாகவே பயன்பட்டது. அரசே வகைமாற்றம் செய்து கொடுக்கும் மேய்க்காலுக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர் இல்லை. ஈடாக வேறு நிலம் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தாலும், தாளில் ஈடாகக் காட்டும் தரிசு பெரும்பாலும் மாடு நடக்க முடியாத தூரத்தில் இருக்கும்.

மாநிலத்தில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று புள்ளிவிவரத்தில் எஞ்சியிருப்பது சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எக்டேர். மொத்தப் பரப்பில் ஒரு விழுக்காடு கூட இல்லை. ஐ.நா. சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. மங்கோலியா, கென்யா, ராஜஸ்தான் எல்லாம் பேச்சில் வரும். கும்மிடிப்பூண்டி வருமா என்பது சந்தேகம். ஐம்பது ஏக்கர் மேய்க்காலை வைத்து யாரும் மாநாடு நடத்துவதில்லை.

ஐம்பது ஏக்கர் எஞ்சியிருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கி, கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் விதைத்து, இரண்டு மழைக்கு மூடிவைத்தால் அது எழும். ஊராட்சியின் ஊரக வேலைத் திட்டத்துக்கு இதைவிட உருப்படியான வேலை கிடைப்பது அரிது. தயங்குவதற்குக் காரணம் பணம் இல்லை. மூடிவைத்த இரண்டு வருடம் அங்கே மாடு நிற்காது. மாடு நிற்காத மேய்க்காலைக் காலி நிலம் என்று யாராவது எழுதிவிடுவார்கள் என்ற பயம். அனுபவத்தில் வந்த பயம், வீண் பயம் என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு இடமும் கண்ணில் படுகிறது. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பட்டை வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கமாக இருந்தது. யூகலிப்டஸையும் கொன்றையையும் அடுக்கி நட்டு, வேலி போட்டு, யாரும் உள்ளே போகாதபடி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியில் அகத்தியும் சவுண்டலும் கிளைரிசிடியாவும் வேலிமசாலும் வைத்து, அறுத்துப்போகும் உரிமையைப் பக்கத்து ஊர் நிலமில்லாப் பெண்களின் சுய உதவிக் குழுவுக்குக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக இருக்கும் என்று தோன்றவில்லை. எல்லா ஆலைக்கும் பொருந்தாது. ஈயம் உருக்கும் இடத்துக்கும் இரும்பு உலைக்கும் பக்கத்தில் இலையில் படியும் தூசு மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பாலில் வரும். முதலில் மண்ணையும் இலையையும் சோதிக்க வேண்டும். தீவனத்தைச் சோதிக்கும் கூடம் நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. டயர், கண்ணாடி, வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் ஒன்றிரண்டில் தொடங்கிப் பார்க்கலாம். தேர்வாய் கண்டிகைப் பூங்காவில் அப்படி ஒரு பட்டை அமைந்தால், ஐப்பசியில் வேலிக்கு வெளியே கயிற்றோடு நிற்கும் மாட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு கட்டுத் தழையாவது வரும்.